இரவு கமராவின் ஐ.ஆர். வெளிச்சம் பன்றிக்கும் யானைக்கும் தெரியுமா?

படுவான்கரைப் பெடியன் | மாலை 6.40

வெல்லாவெளிப் பக்கம் எங்கட வட்டையில இப்ப வேளாண்மை குடலைப் பருவம். பன்றி ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். வாடிக்குக் கிட்ட ரெண்டு இரவு கமரா கட்டியிருக்கம். ஏதும் நடமாடினாத் தானாப் படம் எடுத்து போனுக்கு அனுப்புற வகை. முதல் கிழமை பன்றிக் கூட்டம் நல்லா விழுந்திச்சு. இப்ப கமராவுக்கு முன்னால வாறதே இல்ல. காலையில பாத்தா குளம்படி எல்லாம் கமராவுக்குப் பின்பக்கத்தால, வரம்பைச் சுத்திப் போயிரிக்கி. கடைசியா வந்த படத்துல பெரிய பெட்டைப் பன்றி ஒண்டு காதை நிமித்தி, நேரே கமராவைப் பாத்துக்கொண்டு நிக்குது.

மிருகத்துக்கு ஐ.ஆர். (இன்ஃப்ராரெட், அகச்சிவப்பு) தெரியும் எண்டு வட்டையில பாதிப் பேர் சொல்றாங்க. மனிசனுக்கே தெரியாத வெளிச்சம் பன்றிக்கு எப்படித் தெரியும் எண்டு மற்றப் பாதி. கமக்கார அமைப்பால இன்னும் கமரா வாங்கப் பேச்சு நடக்குது, அதுதான் கேக்கிறன். நாங்க இரவு வயல்ல படுக்கிற ஆக்கள். யானை எந்தப் பக்கத்தால இறங்குது எண்டு முன்னுக்கே தெரிஞ்சாத்தான் உயிர் தப்பலாம். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


பழைய முல்லைக்காரன் | மாலை 7.05

மகன், பன்றிக்குக் கண் கடைசி. மூக்குத்தான் முதல், மறுகா காது. கமரா கட்டின கை ஆர்ர கை எண்டு அதுக்குத் தெரியும்.


கல்முனை ரிப்பேர் கடை | இரவு 8.15

தம்பி, முதல்ல கமராப் பெட்டியில என்ன எழுதியிருக்கு எண்டு பாருங்க. ஒளியின்ட அலைநீளம் 850 நானோமீட்டரா, 940ஆ? ஐ.ஆர். எண்டு ஒரே பேரில வித்தாலும் ரெண்டும் வேற வேற சாமான்.

850 எண்டா, இருட்டுல நேரே பாத்தா எல்.ஈ.டி. மங்கலாச் சிவந்து தெரியும். 940இல மனிசக் கண்ணுக்கு ஒண்டும் தெரியாது. பெரும்பாலான டீவி ரிமோட்டும் இந்த 940தான். ரிமோட்டை போனின்ட முன்கமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அமத்துங்க, திரையில வெள்ளையாவோ ஊதாவாவோ மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, சென்சருக்குத் தெரியும். ஆனா சிலிக்கன் சென்சருக்கு 940இல உணர்ச்சி குறைவு. அதால அதே சக்தியில எரிஞ்சாலும் 940 கமரா அவ்வளவு தூரம் பிடிக்காது. படமும் கொஞ்சம் புள்ளி விழும். கடையில ஆக்கள் 850ஐ விரும்பி வாங்குறது அதாலதான்.


படுவான்கரைப் பெடியன் | இரவு 8.32

காக்கா, ரெண்டும் 850. நீங்க சொன்ன பிறகு வரம்புல நிண்டு பாத்தன். படம் எடுக்கிற நேரம் சிவப்புப் புள்ளி புள்ளியாத் தெரியுது. இவ்வளவு நாளும் கவனிக்கல்ல.


தம்பிலுவில் ரீச்சர் | இரவு 9.50

உயிரியல் படிப்பிக்கிறேன். கேள்வி நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மனிதக் கண்ணுக்கு 400 முதல் 700 நானோமீட்டர் வரை என்று பாடப்புத்தகத்தில் போடுகிறோம். 700இல் சுவர் ஒன்றும் கிடையாது. அதற்கு மேலே போகப் போக உணர்திறன் மிக வேகமாக விழுகிறது, ஆனால் பூச்சியமாவதில்லை. ஜோர்ஜ் வால்டும் அவருடன் வேலை செய்தவர்களும் 1947இல் இதை அளந்தார்கள். ஒளி போதிய அளவு பலமாக இருந்தால் 1000 நானோமீட்டரைத் தாண்டியும் மனிதக் கண் உணர்ந்தது. ஆகவே "தெரியுமா, தெரியாதா" என்று கேட்பதை விட, "எவ்வளவு பலமான ஒளி, எவ்வளவு தூரத்தில்" என்று கேட்பதே சரி. உங்கள் 850 சிவப்பாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான்.

இனி மிருகங்கள். பன்றியின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புக் கலம் இரண்டு வகை. ஒன்றின் உச்சம் 439, மற்றது 556. ஆசிய யானை, ஆபிரிக்க யானை இரண்டிலும் 2005இல் பார்த்தார்கள். 419, 552. எங்களுடைய சிவப்புப் பக்கக் கூம்பு 560 அளவில் இருக்கிறது. அதாவது சிவப்புப் பக்கம் பார்ப்பதில் பன்றியோ யானையோ எங்களை விடக் கெட்டிக்காரர் இல்லை, ஒரு பிடி குறைவு. இரவில் வேலை செய்யும் கோல் கலங்களின் உச்சம் 500க்குக் கிட்ட, அது சிவப்பிலிருந்து இன்னும் தள்ளி.

பாலூட்டிகளின் கண் ஏன் இன்னும் நீண்ட அலைக்குப் போகவில்லை? விழித்திரையில் ஒளியைப் பிடிக்கிற நிறமி, ஒளி பட்டதும் வடிவம் மாறும். நீண்ட அலைக்கு இசைந்த நிறமி என்றால் அதை மாற்றக் கொஞ்சச் சக்தி போதும். கொஞ்சம் போதும் என்றால் உடம்புச் சூடே அதை மாற்றிவிடும். கும்மிருட்டிலும் நிறமி சும்மா சும்மா சைகை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்குள் உண்மையான மங்கல் ஒளியைத் தேடுவது, அடைமழையில் தகரக் கூரைக்குக் கீழே குசுகுசுப்பதைக் கேட்பது மாதிரி. வெப்ப இரத்தப் பிராணிகளுக்கு இது பெரிய தடை.

குளிர் இரத்தப் பிராணிக்கு அந்தத் தடை குறைவு. எங்கள் குளங்களில் பிடிபடுகிற திலாப்பியா 1950களில் கொண்டுவந்து விட்ட மீன். அந்த இனத்தை வைத்து 2012இல் ஜெர்மனியில் செய்த சோதனையில் 930 நானோமீட்டர் ஒளியை வைத்து அது திசை பிடித்தது. உன்னிச்சைக் குளத்து மீனுக்குத் தெரியக்கூடிய ஒளி, அந்தக் குளக்கட்டில் நிற்கிற யானைக்குத் தெரியாமல் போகலாம். எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

ஆகவே தம்பிக்கு ஒரு சோதனை சொல்கிறேன். நிலவில்லாத இரவில் போன், டோச் எல்லாம் அணைத்துவிட்டு அரை மணித்தியாலம் இருட்டில் இருங்கள், கண் பழகட்டும். பிறகு பன்றி வருகிற பாதையில், பன்றியின் உயரத்துக்குக் குந்தி, கமராவைப் பாருங்கள். உங்களுக்குச் சிவப்புத் தெரிந்தால் பன்றிக்கும் தெரியக்கூடும் என்று எடுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் பன்றிக்கும் அநேகமாகத் தெரியாது.


ரொறன்ரோ மட்டக்களப்பான் | இரவு 11.20

ரீச்சர் சொன்னதுக்கு ஒரு சின்னக் குறுக்கீடு. நியூசிலாந்தில 2009இல ஃபெரட் எண்ட சின்ன ஊனுண்ணியைப் பழக்கிப் பாத்தாங்க. கீரி அளவுதான் இருக்கும். சில ஃபெரட் 870 நானோமீட்டர் ஒளிக்குச் சரியா எதிர்வினை காட்டிச்சு. அதால பாலூட்டிக்கு 850 தெரியாது எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது.

இன்னொண்டு. 2014இல அவுஸ்திரேலியாவில காட்டுக் கமராக்களை எடுத்து, ஒளியை மட்டும் பாக்காம, அதுகள் போடுற சத்தத்தையும் அளந்தாங்க. கமராவை மிருகம் பாக்கவும் கூடும், கேக்கவும் கூடும் எண்டதுதான் முடிவு. தம்பி போட்ட படத்துல பன்றி காதை நிமித்தி நிக்குது எண்டு எழுதியிரிக்கிறீங்க. அந்தக் காதைக் கவனியுங்க.


கல்முனை ரிப்பேர் கடை | காலை 7.30

அண்ணன் சரியான இடத்தைத் தொட்டிட்டீங்க. கழட்டிப் பூட்டுற ஆள் எண்டதால சத்தத்தைப் பற்றி நான் சொல்றன்.

இப்படியான கமராவில லென்சுக்குப் பின்னால சின்னக் கண்ணாடித் தகடு ஒண்டு இரிக்கி. பகல்ல ஐ.ஆரை மறிக்கும், இரவுல விலகும். விலகக்க "டிக்" எண்டு ஒரு சத்தம். சில மொடல்ல ஒவ்வொரு படத்துக்கும் அந்த டிக் வரும். கையில வச்சுக் கேட்டா உங்களுக்கே கேக்கும். மற்றது, எல்.ஈ.டி.க்கு மின்சாரம் ஏத்துற சுற்று. அது மெல்லிசாக் கீச்சிடும். மனிசன் கேக்கிற எல்லை 20 கிலோஹெர்ட்ஸ், அதுக்கு மேல கீச்சிட்டா எங்களுக்குத் தெரியாது.


தம்பிலுவில் ரீச்சர் | காலை 10.05

காக்கா சொன்னதற்குப் பொருத்தமான அளவுகள் இருக்கின்றன. பன்றியின் கேள்திறன் 40 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், எங்களுடையதின் இரட்டிப்பு. ஆசிய யானைக்கு மேல் எல்லை 10.5 கிலோஹெர்ட்ஸ் அளவில் நின்றுவிடும். ஆனால் கீழே 17 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அவ்வளவு தாழ்ந்த ஒலி எங்கள் காதில் ஏறாது. ஆகவே கமராவின் கீச்சொலி பன்றிக்கு நன்றாகவே கேட்கலாம், யானைக்குக் கேட்கவே கேட்காது. ஒரே கமராவை இரண்டு மிருகமும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளும் என்று நினைத்தால் கணக்குப் பிழைக்கும்.


இரவுப்பயணி | மதியம் 1.15

அப்ப துவக்குக்குப் பூட்டுற ஐ.ஆர். ஸ்கோப்? 940 டோச் பூட்டினா மானுக்கும் மரைக்கும் தெரியாது தானே? தேர்மல் எண்டா இன்னும் நல்லமா?


பொத்துவில் வழிகாட்டி | மதியம் 2.40

இதுக்கு நான் மறுமொழி சொல்றன். தேர்மல் வெளிச்சம் விடுறதே இல்ல. உடம்பில இருந்து வாற வெப்பக் கதிரை, 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரைக்கும், வாங்கிப் படமாக்கும். விடாத ஒளியை மிருகம் காணுறதெண்ட பேச்சுக்கே இடமில்ல. விஞ்ஞானம் அவ்வளவுதான்.

மற்றதையும் கேளுங்க. லகுகல, குமண, கல்லோயா, இந்தக் காடுகள்ல வேட்டைக்குத் துவக்கோட இறங்கினா குற்றம். 1937இல இருந்து சட்டம் இரிக்கி. யானை, மான், மரை பாதுகாக்கப்பட்ட மிருகம். சட்டத்தை விடுங்க, கண்ணால கண்டதைச் சொல்றன். பன்றிக்கு வச்ச வெடியைக் கடிச்சு வாய் சிதறின யானைக்குட்டி, தண்ணிக் கரையில நிண்டு தும்பிக்கையால தண்ணி அள்ளுது, வாய்க்குள்ள விட ஏலாது. திரும்பத் திரும்ப அள்ளுது. சாக நாளெடுக்கும். கட்டுத்துவக்குல கால் போன மனிசரையும் தெரியும்.

இருட்டுல ஸ்கோப்புக்குள்ள நிறமே இல்ல. நெல்லுக்குள்ள குனிஞ்சு நிக்கிற காவல்காரனும் பன்றியும் வெள்ளை உருவம்தான். இந்தத் தம்பி மாதிரி எத்தனை பேர் இரவுல வயல்ல படுக்கிறாங்க. ஸ்கோப்புக்கு எது நல்லம் எண்டு நான் சொல்லவே மாட்டன். இங்க ஆரும் சொல்ல வேணாம் எண்டு கேக்கிறன்.


தம்பிலுவில் ரீச்சர் | மதியம் 3.00

நானும் அதே பக்கம். பயிர்க் காவலுக்கும் கணக்கெடுப்புக்கும் எவ்வளவும் பேசலாம், வேட்டைக்கு இல்லை.


வாழைச்சேனை வாசகி | மாலை 4.25

குறுக்கே ஒரு கேள்வி. பாம்புக்கு இன்ஃப்ராரெட் தெரியும் எண்டு சின்னதில படிச்சன். அப்ப பாம்பு இந்தக் கமராவைக் காணுமா?


தம்பிலுவில் ரீச்சர் | மாலை 5.10

அது வேறு கதிர், தங்கச்சி. குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு குழி, மலைப்பாம்புக்கு உதட்டோரம் வரிசையாகக் குழிகள். அவை உணர்வது உடம்புச் சூட்டின் கதிரை, அலைநீளம் கமரா ஒளியைப் போலப் பத்து மடங்குக்குக் கிட்ட. தேர்மல் கமரா பிடிக்கிற அதே கதிர் என்று சொல்லலாம். எல்.ஈ.டி.யின் 850ஐ அந்தக் குழி ஒளியாகப் பார்ப்பதில்லை. எங்கள் ஊர்க் கண்ணாடி விரியனுக்கு அந்தக் குழியும் இல்லை.


பழைய முல்லைக்காரன் | இரவு 7.45

எல்லாரும் நல்லாச் சொல்றீங்க. நான் காத்தைப் பற்றிச் சொல்றன், ஆரும் தொடல்ல.

இப்ப மாரி. வாடைக் காத்து கடல் பக்கத்தால காட்டுப் பக்கம் அடிக்கும். படுவான்கரையில காடு மேற்கால. அப்ப வயல்ல இரிக்கிற மனிசன்ட வாசம், வாடியில காய்ச்சின தேத்தண்ணி, பீடி, நுளம்புத்திரிப் புகை எல்லாம் நேரே பன்றி படுத்திரிக்கிற பத்தைக்குள்ள போகும். கமராவைக் காட்டு ஓரத்துல கட்டப் போற பெடியன் சவர்க்காரம் போட்டுக் குளிச்சிட்டுப் போவான். கட்டின மரத்துல, மிதிச்ச வரம்புல அந்த வாசம் இரிக்கும். கச்சான் அடிக்கிற சிறுபோகத்துல காத்து மாறி காட்டால வயலுக்கு வரும், அப்ப பன்றி உங்களுக்குக் கிட்ட வந்த பிறகுதான் உங்களை மணக்கும். அந்தக் காலத்துல நாங்க காவல் பரணை எந்தப் பக்கம் கட்டுறது எண்டு போகத்துக்குப் போகம் பாத்துத்தான் கட்டின.

கண்ணைப் பற்றியும் ஒண்டு. டோச் அடிச்சா மானுக்கும் மரைக்கும் மாட்டுக்கும் கண் பத்தும். பன்றிக்கு அப்படிப் பத்தாது. பன்றி நிக்குது எண்டு கண்ணை வச்சுக் கண்டுபிடிக்க ஏலாது, மூச்சையும் சேத்து மிதிக்கிற சத்தத்தையும் வச்சுத்தான். அது ஏன் ரீச்சர்?


தம்பிலுவில் ரீச்சர் | இரவு 8.30

ஐயா, மானுக்கும் மாட்டுக்கும் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருக்கிறது. முதல் தரம் தப்பிய ஒளி திரும்பி வரும்போது இன்னொரு தரம் பிடிபடும், மங்கல் ஒளியில் அதற்கு இது உதவி. பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. கேள்விக்கும் இது பொருந்துகிறது. 850இன் மங்கல் சிவப்பை மான், மரை, சிறுத்தை கண்டுபிடிக்க வாய்ப்புக் கொஞ்சம் கூட, பன்றிக்குக் குறைவு. நீங்கள் முதலில் எழுதினீர்களே, பன்றிக்குக் கண் கடைசி என்று. கண்ணின் அமைப்பும் அதைத்தான் காட்டுகிறது.


படுவான்கரைப் பெடியன் | சில நாள் கழித்து, இரவு 9.15

செய்து பாத்தம், விபரம் எழுதுறன்.

இருட்டுல கண்ணைப் பழக்கிப்போட்டு நாலஞ்சு பேர் குந்திப் பாத்தம். 850 கமரா ரெண்டும் பன்றி வாற பாதையில இருந்து நல்லாத் தெரியுது. சிவப்பு மட்டும் இல்ல, லென்சுக்கு முன்னால சிலந்தி வலை கட்டி, அதுல ஐ.ஆர். பட்டு படத்துல வெள்ளைப் புகை மாதிரி விழுந்திரிக்கி. பெட்டிக்குள்ள முசுறும் ஏறியிருந்திச்சு. துடைச்சம்.

மறுகா ஒரு 850 கமராவில எல்.ஈ.டி. பக்கத்தைக் கறுத்த டேப்பால முழுசா மூடி அதே இடத்துல விட்டம். படம் இருட்டாத்தான் வரும், ஆனா மிருகம் வந்த நேரம் பதியும், காலையில குளம்படியும் பாக்கலாம் தானே. பன்றி அப்பவும் சுத்தித்தான் போச்சு. வெளிச்சமே இல்லாமச் சுத்திப் போகுது. மூடினாலும் அந்த டிக் சத்தம் இரிக்கி, எங்கட வாசமும் இரிக்கி.

காக்கா இரவல் தந்த 940 கமராவை மேற்குப் பக்கம், வாய்க்கால் கட்டு மருத மரத்துல, ரெண்டாள் உயரத்துல கட்டினம். கட்டின பிறகு அந்தப் பக்கம் ஆரும் போகல்ல. முதல் இரவுகள்ல ஒண்டும் இல்ல. பிறகு பன்றி கமராவுக்குக் கீழால, குட்டியோட, சாவகாசமாக் கிளறிக்கொண்டு போற படம். அலியன் ஒண்டும் வந்திச்சு. தும்பிக்கையை நிமித்தி வயல் பக்கம் மணந்து பாத்திச்சு, கமராப் பக்கம் திரும்பவே இல்ல. படம் போனுக்கு வந்த உடனே மற்ற வாடிகளுக்குச் சொல்லி எல்லாரையும் எழுப்பிட்டம். யானை வெடியோட ஆக்கள் முன்னுக்கே தயாரா நிண்டதால அது வாய்க்காலோட திரும்பிச்சு. ஆருக்கும் ஒண்டும் இல்ல.


ரொறன்ரோ மட்டக்களப்பான் | இரவு 10.00

டேப் ஒட்டிப் பாத்தது நல்ல வேலை. ஒளியையும் மற்றதையும் பிரிச்சுப் பாக்க வேற வழியில்ல. ஆனா 940 கமரா உயரத்துல இரிக்கி, வேற மரம், வேற பக்கம், ஆள் நடமாட்டமும் இல்ல. பன்றி வந்தது 940 எண்டதாலயா, உயரத்தாலயா, வாசம் இல்லாததாலயா எண்டு இன்னும் பிரியல்ல. அதே மரத்துல அதே உயரத்துல 850ஐ ஏத்திப் பாருங்க.


கல்முனை ரிப்பேர் கடை | இரவு 10.20

என்ட எண்ணம், உயரமும் வாசமும்தான் பெரிய பங்கு. ஆனாலும் புதுசா வாங்குறதெண்டா 940 வாங்குங்க. யானை, பன்றிக்காக மட்டும் இல்ல. 850இன்ட சிவப்புப் புள்ளி களவெடுக்க வாறவனுக்கு நல்லாத் தெரியும், கமரா மரத்துல இரிக்காது. தூரம் குறையுறதால ஒரு வட்டைக்கு ஒண்டு காணாது, யானை இறங்குற வாய்க்கால், கடவை ரெண்டையும் பாத்துக் கட்டுங்க. மழைத் துளியில ஐ.ஆர். பட்டுத் திரும்பும், லென்சுக்கு மேல ஒரு சாண் தகரம் கூரையா வையுங்க.


பழைய முல்லைக்காரன் | இரவு 10.45

பெட்டரி மாத்தப் போறவன் காட்டுப் பக்கத்தால போகாம வாய்க்கால் தண்ணிக்குள்ளால நடந்து போகச் சொல்லு மகன். பொழுதுபடப் போகாம நடு மதியம் போகணும், இரவுக்கிடையில வாசம் தணியும்.


படுவான்கரைப் பெடியன் | இரவு 11.05

சரி ஐயா. காக்கா, 940 மூண்டு வேணும், கமக்கார அமைப்புக் காசு இந்தக் கிழமை கிடைக்கும். அண்ணன் சொன்ன மாதிரி 850 ஒண்டை மருத மரத்துல ஏத்தி, கதிர் பழுக்க முதல் என்ன நடக்குது எண்டு இதுலயே எழுதுறன். ரீச்சர், படங்களை உங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்க வேணுமெண்டா எடுங்க, இடம் தெரியாம நான் வெட்டித் தாறன்.


தம்பிலுவில் ரீச்சர் | இரவு 11.12

கட்டாயம் வெட்டித்தான் தாருங்கள் தம்பி. யானை இறங்குகிற இடம் வெளியில் போகக் கூடாது.